தோலும் ஒரு வயல்தான்



2010ஆம் ஆண்டு நான் குருமட மாணவனாக இருந்தபோது, வவுனியா மாவட்டத்தில் இருந்த நலன்புரி நிலையம் ஒன்றுக்கு வார இறுதிகளில் பணிக்காகச் சென்று வந்தேன். ஒருநாள் காலை, தண்ணீர்த் தாங்கியின் அருகே ஒரு தாய் தமது ஆறு வயது மகனை நிறுத்திவைத்துக் குளிக்கவார்த்துக் கொண்டிருந்தார். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை உடம்பெல்லாம் பூசி, பொச்சுத் தும்பால் உரஞ்சினார். பிள்ளை கத்தி அழுதது. அதன் விரல் இடுக்குகளிலும் முழங்கை மடிப்பிலும் இரத்தம் கசிந்தது.

"அம்மா, கொஞ்சம் மெல்லமாய்த் தேய்க்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பிரதர், முகாம் பிள்ளையள் எண்டால் சொறி எண்டு சொல்லி மற்றப் பிள்ளையள் இவனைக் கிட்ட இருக்க விடுகினம் இல்லை. நாங்கள் நாலு ஏக்கர் வயல் செய்த ஆக்கள். எங்களை ஊத்தை எண்டு ஆரும் சொல்லக் கூடாது" என்றார்.

அடுத்த வாரம் நான் கிருமி கொல்லும் சவர்க்காரம் இரண்டு கட்டி வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். அவர் இன்னும் அதிகமாகத் தேய்த்தார். பிள்ளையின் தோல் இன்னும் அதிகமாக வெடித்தது. சில வாரங்களின் பின்னர் அங்கு வந்த மருத்துவக் குழுவினர் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பிள்ளைக்கு இருந்தது சொறி நோய். எந்தச் சவர்க்காரத்தாலும் அது மாறாது. கழுவிக் கழுவி நாங்கள் செய்ததெல்லாம், அந்தப் பிள்ளையின் தோலில் எஞ்சியிருந்த பாதுகாப்பையும் அழித்ததுதான்.

அன்று நான் அறியாதிருந்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சொந்த நிலத்தை விட்டு உறவினர் வளவிலோ, நலன்புரி நிலையத்திலோ, தகரக் கொட்டிலிலோ வாழ்கின்ற குடும்பங்களுக்கு, தண்ணீரும் குறைவு, பணமும் குறைவு, மறைவாகக் குளிக்க இடமும் குறைவு. இந்த நிலையில் தோலைக் காப்பது எப்படி? அதற்கு அதிகம் வாங்கவேண்டியதில்லை. சிலவற்றைச் செய்யாமல் விடுவதே பாதி வேலை.

தோல் எப்படி அமைந்துள்ளது?

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரை இருக்கும். அதன் மிக வெளிப்புறத்தில், உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்ந்த இடங்களில், ஒரு கடதாசித் தாளை விட மெல்லிய படை ஒன்று உண்டு. இதனைச் செங்கல் மதிலுக்கு ஒப்பிடலாம். தட்டையான இறந்த கலங்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பே சாந்து. இந்த மதில்தான் உடம்பின் ஈரம் வெளியே போகாமலும், வெளியே உள்ள நஞ்சும் நோய்க்கிருமியும் உள்ளே வராமலும் காக்கின்றது. கீழிருந்து புதிய கலங்கள் தோன்றி மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் எடுக்கும். ஆகவே நாம் தேய்த்து எடுத்துவிட்டால் நாளையே அது திரும்பி வந்துவிடாது.

தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்பானது, அதாவது அமிலத்தன்மை உடையது. 1928இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஷாடே, மார்ச்சியோனினி என்னும் இரு மருத்துவர்கள் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பெயரிட்டார்கள். பால் புளித்துத் தயிரானால் பல கெட்ட கிருமிகள் அதில் வளர முடியாமற் போகின்றன அல்லவா? தோலின் புளிப்பும் அவ்வாறே காவல் செய்கின்றது.

தோலில் குடியிருப்போர்

நுண்ணங்கிகள் என்றாலே நோய் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் பலருக்கு இருக்கும். ஆனால் ஆரோக்கியமான எவருடைய தோலிலும் பற்றீரியாக்களும் பங்கசுகளும் நிறைந்து வாழ்கின்றன. வியர்வை தங்கும் கமக்கட்டில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் மாத்திரம் பத்து இலட்சம் வரையும் இருக்கலாம். எவ்வளவு குளித்தாலும் இவை முற்றாகப் போவதில்லை. மயிர்க்குழிகளில் ஒதுங்கியிருந்து மீண்டும் பெருகும். இவ்வாறு தோலில் கூடிவாழும் நுண்ணங்கிச் சமூகத்தை இன்று விஞ்ஞானிகள் 'மைக்குரோபயோம்' என்று அழைக்கின்றனர்.

நியூசிலாந்தில் பணிபுரிந்த மேரி மார்ப்பிள்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி, 1965இல் மனிதத் தோலின் சூழலியல் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் தோலை ஒரு நிலப்பரப்பாகவே பார்த்தார். முன்கை வரண்ட நிலம் போன்றது. கமக்கட்டு ஈரக் காடு போன்றது. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கேற்ற உயிர்கள். 2009இல் அமெரிக்காவில் பத்துப் பேருடைய தோலில் இருபது இடங்களைப் பரிசோதித்த விஞ்ஞானிகளும் இதையே கண்டனர். ஒரே ஆளின் கமக்கட்டும் முன்கையும் மிகவும் வேறுபட்டிருந்தன. வெவ்வேறு ஆட்களின் ஒரே இடங்களோ பெரும்பாலும் ஒத்திருந்தன.

இந்தக் குடியிருப்போர் சும்மா இருக்கவில்லை. சில பற்றீரியாக்கள் தோலின் எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. தோலின் புளிப்பைப் பேணுவதில் இதற்கும் பங்கு உண்டு. வேறு சில, நோய்தரும் பற்றீரியாக்களைக் கொல்லும் பொருட்களைச் சுரக்கின்றன. 2017இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சீழ்ப்புண்களை உண்டாக்கும் ஸ்ரபிலோகொக்கசு ஓறியசு என்னும் பற்றீரியாவை எதிர்க்கும் நல்ல பற்றீரியாக்கள் ஆரோக்கியமான தோலில் நிறைய இருப்பதையும், கரப்பன் உள்ளவர்களின் தோலில் குறைவாக இருப்பதையும் காட்டினார்கள்.

விவசாயிகளாகிய உங்களுக்கு இது புதிய செய்தியாக இராது. வயலில் கபிலநிறத் தத்தி கண்டவுடன் கண்டபடி மருந்து அடித்தால் என்ன நடக்கும்? தத்தியைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் மற்றைய நல்ல பூச்சிகளும் முதலில் சாகும். சில நாட்களில் தத்தி முன்னையிலும் அதிகமாகப் பெருகி வரும். வயலைக் காத்தது மருந்துப் போத்தல் அல்ல, அங்கு குடியிருந்த உயிர்களே என்பது அப்போதுதான் விளங்கும். தோலும் ஒரு வயல்தான்.

மத்தேயு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன ஒன்றும் எனக்கு நினைவுக்கு வருகின்றது. ஒரு மனிதனை விட்டுப் போன தீய ஆவி திரும்பி வந்து பார்க்கின்றது. வீடு கூட்டிப் பெருக்கி அழகாக இருக்கின்றது. ஆனால் வெறுமையாக இருக்கின்றது. உடனே தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைகின்றது. ஆண்டவர் பேசியது ஆன்மாவைப் பற்றி. எனினும் வெறுமையாக்கப்பட்ட வீடு பாதுகாப்பான வீடு அல்ல என்பது தோலுக்கும் பொருந்தும்.

சவர்க்காரம் செய்வது என்ன?

சவர்க்காரம் என்பது எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் பொருள். அது புளிப்புக்கு எதிரானது. ஆகவே சவர்க்காரம் போட்டுக் குளித்தவுடன் தோலின் அமிலப் போர்வை குலைகின்றது. அது பழைய நிலைக்கு வரச் சில மணித்தியாலங்கள் செல்லும். அழுக்கோடு சேர்த்து, மதிலின் சாந்தாகிய கொழுப்பிலும் ஒரு பகுதியைச் சவர்க்காரம் கழற்றிவிடுகின்றது. குளித்த பின் தோல் 'கிறீச்' என்று இறுகி இழுத்தால், சுத்தமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். சாந்து கழன்றுவிட்டது என்பதே அதன் பொருள்.

உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரமும் சலவைத் தூளும் துணிக்காகச் செய்யப்பட்டவை. தோலுக்கு அவை மிகவும் கடுமையானவை. காசு மிச்சம் என்று அவற்றால் பிள்ளைகளைக் குளிக்கவார்ப்பது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. சாதாரண உடம்புச் சவர்க்காரத்தில் ஒரு கட்டியை அளவாகப் பாவித்தால் செலவு அதைவிடக் கூடாது.

யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களில் கிணற்று நீர் கடினமானது. அந்த நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. பிசுபிசுப்பான வெள்ளைப் படிவாக மாறித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நுரை வரவில்லை என்று நாம் இன்னும் அதிகமாகப் போடுவோம். படிவும் இன்னும் அதிகமாகும். கடின நீரில் சவர்க்காரத்தைக் குறைத்து, அலசுவதைக் கூட்ட வேண்டும். மாரியில் மூடிய பாத்திரத்தில் சேர்த்த மழைநீர் சிறுபிள்ளைகளைக் குளிக்கவார்க்க நல்லது. பாத்திரம் திறந்திருந்தால் நுளம்பு பெருகும் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே பெண்களின் ஒரு கஷ்டத்தையும் சொல்லவேண்டும். திறந்த கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு அவசரமாகக் குளிப்பவர்களுக்கு, துணியின் உள்ளே போன சவர்க்காரத்தை நன்றாக அலச வசதி இல்லை. மார்பின் கீழும் தொடை இடுக்கிலும் சவர்க்காரமும் ஈரமும் தங்கிக் கடியும் அவிச்சலும் உண்டாகின்றன. இதற்கு மருந்து, கிடுகினாலோ தறப்பாளினாலோ கட்டிய ஒரு மறைப்பு. நான்கு கம்பும் ஒரு நாள் சிரமதானமும் போதும். பங்கு இளைஞர்களும் மாதர் சங்கங்களும் இதனை முதல் வேலையாக எடுத்துச் செய்யலாம்.

கிருமி கொல்லும் சவர்க்காரம் வேண்டுமா?

வேண்டியதில்லை. 2005இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதற்குச் சான்று. பாகிஸ்தானின் கராச்சி நகரில், எம்மைப் போல வசதிகள் குறைந்த குடியேற்றங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குச் சவர்க்காரம் கொடுத்து, கை கழுவும்படி தொடர்ந்து ஊக்குவித்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே நியூமோனியா பாதியாகக் குறைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே வயிற்றோட்டம் 53 வீதத்தாலும், சீழ்வைக்கும் தோற்சிரங்கு 34 வீதத்தாலும் குறைந்தன. கிருமி கொல்லும் சவர்க்காரம் பெற்ற குடும்பங்களுக்கும் சாதாரண சவர்க்காரம் பெற்ற குடும்பங்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை.

2016இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம், 'ட்ரைக்குளோசான்' உட்பட 19 கிருமிகொல்லிப் பொருட்களை வீட்டுப் பாவனைக்கான சவர்க்காரங்களில் சேர்க்கக்கூடாது என்று தீர்மானித்தது. சாதாரண சவர்க்காரத்தையும் தண்ணீரையும் விட அவை சிறந்தவை என்பதை உற்பத்தியாளர்கள் நிரூபிக்கவில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

கராச்சி ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. அங்கு நோய்களைக் குறைத்தது கை கழுவுதல். கைகள் பல இடங்களைத் தொடுகின்றன. மலத்திலிருந்தும் சளியிலிருந்தும் வரும் நோய்க்கிருமிகள் கைகளில் வந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்கின்றன. சவர்க்காரம் அவற்றை இலகுவாகக் கழுவி அகற்றும். ஆகவே மலசலகூடம் போய்வந்த பின்னும், பிள்ளைக்கு மலம் கழுவிய பின்னும், சமைக்குமுன்னும், உண்ணுமுன்னும், உணவூட்டுமுன்னும் சவர்க்காரத்தால் கை கழுவுவதில் எந்தத் தளர்வும் வேண்டாம். மென்மை என்பது அழுக்காக இருப்பது அல்ல. எங்கே சவர்க்காரம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று அறிந்து பாவிப்பதே மென்மை.

குளிப்பது எப்படி?

தண்ணீர் கிடைத்தால் நாளாந்தம் குளிப்பது நல்லது. ஆனால் உடம்பு முழுவதற்கும் நாளாந்தம் சவர்க்காரம் தேவையில்லை. கமக்கட்டு, தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு அளவாகப் பூசினால் போதும். கை, கால், வயிறு, முதுகு ஆகியவற்றின் தூசியும் வியர்வையும் தண்ணீராலேயே பெரும்பாலும் போய்விடும். கையால் தேய்த்தால் போதும். பொச்சு, கல், பீர்க்கங்கூடு எதுவும் பிள்ளைகளுக்கு வேண்டாம். குளித்தபின் துவாயால் உரஞ்சாமல் ஒற்றித் துடைக்கவேண்டும். ஆளுக்கொரு துவாய் இருப்பது மிக நல்லது. துவாயையும் உடுப்பையும் வெயிலில் உலர்த்துங்கள்.

வயலிலும் சேற்றிலும் நிற்பவர்கள் வீடு வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை உலரத் துடைக்கவேண்டும். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்கிறேன். பயிருக்கு மருந்து அடித்துவிட்டு வந்தாலோ, மருந்து உடம்பில் சிந்தினாலோ, உடனே உடுப்பைக் கழற்றி, நிறையத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு உடம்பு முழுவதும் கழுவுங்கள். அந்த நஞ்சு தோலினூடாக உள்ளே போகும். அந்த நேரத்தில் தோலின் நல்ல பற்றீரியாக்களைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஆனாலும் பொச்சால் உரஞ்ச வேண்டாம். தேய்ந்த தோலினூடாக நஞ்சு இன்னும் இலகுவாகப் போகும். அந்த உடுப்பை மற்றவர்களின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவும் கூடாது.

எண்ணெயும் பயற்றம்மாவும்

எமது பாட்டிமார் பாவித்த பயற்றம்மாவும் சீயாக்காயும் சவர்க்காரத்தைப் போலக் காரமானவை அல்ல. நன்கு உலர்த்தி அரைத்து, ஈரம் படாமல் வைத்திருந்தால் தாராளமாகப் பாவிக்கலாம். பூஞ்சணம் பிடித்த மாவும், புண்ணான தோலில் மாப் பூசுவதும் கூடாது. தேசிக்காய்ச் சாற்றைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் எரிகாயமும் கருமையான தழும்பும் உண்டாகும். முகத்தை வெளுப்பிக்க அதனைப் பூசும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

வரண்டு வெடித்த தோலுக்குத் தேங்காயெண்ணெய் நல்லது. பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தூய தேங்காயெண்ணெய் வரண்ட தோலுக்குக் கனிய எண்ணெய்க்கு நிகராகப் பயன்பட்டது. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வில், கரப்பன் உள்ள பெரியவர்களின் தோலில் நான் முன்னர் சொன்ன சீழ்ப் பற்றீரியாவை அது ஒலிவ் எண்ணெயை விடக் கூடுதலாகக் குறைத்தது. குளித்து ஒற்றித் துடைத்தவுடன், தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, மெல்லியதாகப் பூசினால் ஈரம் உள்ளே தங்கும். பொரித்து மிஞ்சிய எண்ணெயும், காறல் மணம் வீசும் பழைய எண்ணெயும் வேண்டாம். வேர்க்குரு, தேமல், முகப்பரு உள்ள இடங்களிலும் எண்ணெய் பூச வேண்டாம்.

இப்போது நகரத்துக் கடைகளில், 'நல்ல பற்றீரியா சேர்த்தது' என்று சொல்லி விலை கூடிய பூச்சுகள் விற்கப்படுகின்றன. அவற்றுக்காகக் கடன்பட வேண்டாம். உங்கள் தோலில் நல்ல பற்றீரியாக்கள் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றைக் கெடுக்காமல் விட்டாலே போதும்.

பிறந்த குழந்தைக்கு

குழந்தை பிறக்கும்போது அதன் உடம்பில் மெழுகு போன்ற வெள்ளைப் பூச்சு ஒன்று இருக்கும். அது அழுக்கு அல்ல. தோலைக் காக்கும் இயற்கையின் பூச்சு. அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். குழந்தையைக் குளிக்கவார்ப்பதை 24 மணித்தியாலம் வரை தள்ளிப்போடும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. குழந்தையின் தோலில் குடியேறும் முதல் நுண்ணங்கிகள் தாயிடமிருந்தே வருகின்றன. குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைத்திருப்பது அதற்குச் சூட்டையும் இந்த முதற் காவலர்களையும் கொடுக்கின்றது.

குழந்தை குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்ற வேண்டாம். 'குழந்தைச் சவர்க்காரம்' என்று எழுதியிருப்பதாலேயே ஒன்று மென்மையானது என்றும் நம்ப வேண்டாம். முதல் மாதங்களில் இளஞ்சூட்டுத் தண்ணீரே போதும். மடிப்புகளை உலரத் துடையுங்கள். தகரக் கூரையின் கீழ் வேர்க்குரு போட்டால், பவுடர் கொட்டுவதை விட, மெல்லிய பருத்தி உடுப்பும் காற்றோட்டமும் ஈரத்துணியால் ஒற்றுவதும் நல்லவை. பவுடர்த் தூள் குழந்தையின் சுவாசப்பைக்குள் போகக்கூடும்.

குழாயில் வரும் ஆபத்து

கடி, தேமல், படர்தாமரை என்று எதற்கும் கடையில் ஒரு பூச்சு மருந்துக் குழாயை வாங்கிப் பூசும் வழக்கம் எம்மிடையே பரவியுள்ளது. இவற்றுட் பலவற்றில் 'ஸ்ரீரொயிட்' மருந்து இருக்கின்றது. பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்பன அவற்றுட் சில. வைத்தியர் சொன்ன இடத்தில், சொன்ன நாட்களுக்குப் பூசினால் அவை நல்ல மருந்துகள். படர்தாமரைக்குப் பூசினால், இரண்டு நாளில் கடி அடங்கும். ஆனால் தோலின் எதிர்ப்பு ஒடுங்கிவிடுவதால் உள்ளே பங்கசு தடையின்றிப் பரவும். பூச்சை நிறுத்தியதும் முன்னையிலும் பெரிதாக வெளிவரும். பிறகு வைத்தியரே அடையாளம் காண முடியாதபடி அதன் உருவமும் மாறியிருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, வரிவரியாகப் பிளந்து, சிறு இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். ஆகவே ஒருவருக்குக் கொடுத்த குழாயை இன்னொருவர் வாங்கிப் பூசக்கூடாது.

இதனிலும் கொடியவை நிறத்தை வெளுப்பிக்கும் பூச்சுகள். இவற்றுட் சிலவற்றில் இரசம் இருப்பது உலகின் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போகும். பூசிய தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் பிள்ளைக்கும் போகும். மினமாட்டா உடன்படிக்கை என்னும் சர்வதேச ஒப்பந்தம், இரசம் சேர்த்த இத்தகைய பூச்சுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020உடன் நிறுத்தவேண்டும் என்று விதித்தது. ஆயினும் களவாக அவை விற்கப்படுகின்றன. செய்தவர் பெயரும் சேர்மானமும் எழுதப்படாத எதையும் வாங்காதீர்கள். வெயிலில் நின்று உழைத்த கறுப்பு ஒரு நோயல்ல. கலியாணச் சந்தையில் பிள்ளையின் நிறத்தைப் பேசுகிறவர்கள் வெட்கப்பட வேண்டுமே தவிர, பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை.

கழுவினால் மாறாதவை

சில நோய்களுக்கு மென்மையும் போதாது, சவர்க்காரமும் உதவாது. அவற்றுக்கு மருந்து வேண்டும்.

சொறி: கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணி ஒன்று தோலைக் குடைந்து முட்டையிடுவதால் வருவது. இரவில் கடி கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, கமக்கட்டு ஆகிய இடங்களில் காணப்படும். நெருக்கமாக வாழ்வதால் தொற்றுகின்றதே அன்றி, அழுக்கினால் வருவதில்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. முதன்முறை தொற்றியவருக்குக் கடி தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லலாம். ஆகவே கடி உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல், வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். வைத்தியர் சொன்னபடி மீண்டும் ஒருமுறை பூசவேண்டும். உடுப்பையும் படுக்கைத் துணியையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால், மனித உடம்பு கிடைக்காமல் உண்ணி இறந்துவிடும். சொறிந்த புண்ணில் சீழ்பிடித்தால் சில வேளைகளில் அது பிள்ளையின் சிறுநீரகத்தையும் தாக்கும். முகம் வீங்கினாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தேமல்: எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் பங்கசு ஒன்று, வியர்வையும் சூடும் கூடும்போது அளவு மீறிப் பெருகுவதால் வருவது. வயலில் வழக்கமாக நிற்கும் ஒரு புல் களையாக மாறுவது போன்றது. எளிய மருந்தால் மாறும். நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும்.

உணர்ச்சியற்ற படை: வெளிறிய அல்லது செந்நிறப் படையில் தொட்டாலும் குத்தினாலும் உணர்ச்சி குறைவாக இருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். எமது நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகின்றனர். மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் சிகிச்சை முடியும். பிந்தினால் கையும் காலும் ஊனமாகலாம். ஒளிக்க வேண்டாம்.

நோவில்லாத புண்: முகத்திலோ கையிலோ காலிலோ ஒரு பரு தோன்றி, நோவில்லாமல், வாரக்கணக்கில் ஆறாமல் பெருத்தால், அது மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியாசிஸ் நோயாக இருக்கலாம். காடு சார்ந்த உலர்வலயப் பகுதிகளில் வாழ்பவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

இவற்றுக்கு அரச வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போங்கள். தூரமானால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ முதலில் காட்டுங்கள்.

மனதில் வைக்கவேண்டியவை

1. கைக்குச் சவர்க்காரம் தாராளமாக. உடம்புக்கு அளவாக.

2. உடுப்புச் சவர்க்காரமும் பொச்சும் தோலுக்கு வேண்டாம்.

3. சாதாரண சவர்க்காரமே போதும். கிருமி கொல்லும் சவர்க்காரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

4. நன்றாக அலசி, ஒற்றித் துடைத்து, வரண்ட இடத்துக்கு எண்ணெய் பூசுங்கள்.

5. வைத்தியர் சொல்லாமல் எந்தக் குழாயும் வாங்க வேண்டாம்.

6. வீட்டில் பலருக்குக் கடி என்றால் அது சொறியாக இருக்கலாம். எல்லோரும் ஒன்றாக மருந்து எடுங்கள்.

7. குளிக்குமிடத்துக்கு ஒரு மறைப்புக் கட்டுங்கள்.

அந்தத் தாயைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மருத்துவக் குழுவினர் கொடுத்த மருந்தை அவரது குடும்பத்தினர் ஐந்து பேரும், பக்கத்துக் கொட்டில்காரரும் ஒரே இரவில் பூசினார்கள். ஒரு மாதத்தில் பிள்ளையின் கைகள் ஆறின. அவர் என்னிடம் கேட்டார்: "அப்ப பிரதர், நாங்கள் ஊத்தையாய் இருந்ததாலை வந்தது இல்லையோ?"

"இல்லை அம்மா" என்றேன். அந்த ஒரு சொல்லை, சவர்க்காரக் கட்டிகளுக்கு முன்னர் நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். நிலம் இழந்தவர்கள் மீது ஊத்தை என்ற பெயரையும் சேர்த்துச் சுமத்துகின்ற உலகம் இது. அந்தப் பழியைப் பிள்ளையின் தோலில் தேய்த்துக் கழுவ முடியாது, கழுவவும் தேவையில்லை. உங்கள் நிலத்தை நீங்கள் எப்படிப் பார்த்தீர்களோ, அப்படியே உங்கள் பிள்ளைகளின் தோலையும் பாருங்கள். நல்ல விவசாயி தன் மண்ணைச் சுரண்டி எடுப்பதில்லை. அதில் வாழும் உயிர்களுக்கு இடம் விட்டு, வேண்டிய நேரத்தில் வேண்டியதை மட்டும் செய்கின்றான்.